ஹஸ்கி நாய் வண்டியில் நாற்பது நிமிடம்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

கேள்வி: பண்டாரவளையிலிருந்து பெப்ரவரியில் நான்கு நாள் நோர்வேயின் ட்ரொம்சோவுக்குப் போகிறோம். நான், மனைவி, எட்டு வயது மகன், அறுபத்து மூன்று வயது அம்மா. ஹஸ்கி நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியில் நாற்பது நிமிடச் சவாரி என்று போட்டிருக்கிறார்கள். இவ்வளவு சின்னச் சவாரிக்கு அவ்வளவு காசு கொடுக்கலாமா, விட்டுவிடலாமா?

போங்கள். ஆனால் நான்கு பேரும் வேண்டாம். அம்மாவுக்கு வேறொன்று இருக்கிறது, பிறகு சொல்கிறேன். இன்னொன்று, அந்த நாற்பது நிமிடத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

நான் ஹட்டனில் வேன் ஓட்டுகிறவன். வெளிநாட்டுக்காரர்களை நானுஓயா ஸ்டேஷனில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுவதுதான் பதினைந்து வருடமாகப் பிழைப்பு. நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் என்னிடம் தினம் கேட்கிறார்கள். டீ பாக்டரியை இருபது நிமிடம் சுற்றிப் பார்ப்பது தகுமா, நுவரெலியா கிரகரி வாவிக்கரையில் குதிரையில் ஒரு சுற்று தகுமா, கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு படம் எடுக்கலாமா. அதனால் இந்த மாதிரிக் குட்டிச் சவாரிகளின் சூட்சுமம் எனக்குக் கொஞ்சம் தெரியும். சந்தேகமும் கொஞ்சம் கூடுதல்.

2024 பெப்ரவரியில் அக்கா டிக்கெட் போட்டுக் கூப்பிட்டாள். அத்தான் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் கடைசியில் போய், அந்தக் காலத்தில் நம் ஆட்கள் நிறையப் பேர் நின்ற மாதிரி வடக்கே ஃபின்மார்க் பக்கம் மீன் பாக்டரியில் நின்றவர். இப்போது ட்ரொம்சோவில் வீடு. முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தும் ஒரு நாள்கூட நாய் வண்டியில் ஏறியதில்லை. "காசு குடுத்து நாய்க்குப் பின்னால போறதோ?" என்று சிரித்தார். ஹட்டனில் பிறந்தவன் எவனாவது டிக்கெட் வாங்கி டீ பாக்டரி பார்த்திருக்கிறானா? அதே கதைதான்.

நாய் வண்டிக்கு ஆளுக்கு 1,500 நோர்வே குரோனர். அப்போது நம் காசில் நாற்பத்து நாலாயிரத்துக்குக் கிட்ட. தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்போம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த நேரம் நாட்சம்பளம் 1,000 ரூபா. அம்மா மலையில் கொழுந்து பறித்தவள் என்பதால் எனக்கு எந்த விலையும் பேர்க் கணக்காகத்தான் தலைக்குள் ஏறும். நாற்பத்து நாலு பேர், நாற்பது நிமிடத்துக்கு. நிமிடத்துக்கு ஒரு பேருக்கும் மேல். காசு கட்டியது அக்கா, வயிறு எரிந்தது எனக்கு.

போன பிறகுதான் தெரிந்தது, கணக்கையே தப்பாகப் போட்டிருக்கிறேன் என்று. நாற்பது நிமிடம் என்பது வண்டி ஓடுகிற நேரம் மட்டும். நகரத்திலிருந்து வாகனத்தில் முக்கால் மணி. போனதும் மொத்தமான குளிர் உடுப்பும் முழங்கால் வரை வருகிற சப்பாத்தும் தருகிறார்கள், அதை மாட்டிக்கொள்ளவே அரை மணி. வண்டியை எப்படிப் பிடிப்பது, எப்படி நிறுத்துவது என்று ஒரு பாடம். ஓடி முடித்ததும் நாய்களோடு இருக்கலாம், குட்டிகளைத் தூக்கலாம், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சூப் குடிக்கலாம். எல்லாமாக நாலு மணி நேரத்துக்கு மேல். அதில் மனதில் நிற்கிற இடம் ஓட்டத்துக்கு முந்திய ஐந்து நிமிடம்.

அதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வண்டியை ஒரு கட்டையில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். முன்னால் ஒரே நீளக் கயிறு, அதில் சோடி சோடியாக ஆறு நாய்கள். ஒவ்வொன்றும் முன்னங்கால் இரண்டையும் தூக்கி முன்னால் பாய்கிறது, கயிறு இழுத்துப் பிடிக்கிறது, விழுகிறது, மறுபடி பாய்கிறது. குரைப்பு, ஊளை, சிணுங்கல் எல்லாம் ஒன்றாய்க் கலந்து பக்கத்தில் நிற்கிற ஆளின் பேச்சே கேட்காது. பின்வரிசையில் ஒரு காது கிழிந்த நாய் பொறுக்க மாட்டாமல் கயிற்றையே கடித்துக்கொண்டிருந்தது. வண்டி சும்மா நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. கட்டை பிடுங்கிக்கொண்டு வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். பிறகு அந்தப் பெண், எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி, கயிற்றைச் சுண்டி விட்டாள்.

சத்தம் அப்படியே நின்றுபோனது. கலியாண வீட்டு ஸ்பீக்கருக்குக் கரண்ட் போன மாதிரி. ஆறு நாயும் வாயை மூடிக்கொண்டு ஓடுகின்றன. பனியில் சறுக்குக் கட்டை உரசுகிற சத்தமும் மூச்சும் மட்டும்தான். ஓட்டம் தொடங்கினால் குரைப்பு நின்றுவிடும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன், ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. இதற்காகவே போகலாம் என்று சொல்வேன். ஒரு மணி நேரப் பயணத்திலும் ஐந்து நாள் பயணத்திலும் இந்த நொடி இதே நொடிதான்.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது எத்தனை நிமிடம் என்பதை அல்ல. முதலாவது, வண்டியை நீங்களே ஓட்டலாமா, சும்மா உட்கார்ந்து வருவது மட்டுமா? இரண்டு பேருக்கு ஒரு வண்டி தந்து, ஒருவர் பின்னால் நின்று ஓட்ட மற்றவர் முன்னால் உட்கார்ந்து, பாதியில் இடம் மாறுகிற மாதிரி இருந்தால் தாராளமாகப் போகலாம். வரிசையில் நிற்க வைத்து, ஏற்றி, ஒரு வட்டம் அடித்து இறக்கிவிடுகிற பத்து நிமிடச் சுற்று என்றால் நம் கிரகரி வாவிக் குதிரையே போதும், விலையும் மலிவு.

ஓட்டுவது பெரிய வித்தையில்லை, ஆனால் சும்மாவும் இல்லை. சறுக்குக் கட்டை இரண்டிலும் காலை வைத்து நிற்க வேண்டும். நடுவில் இரும்புப் பல் வைத்த பிரேக், அதை மிதித்தால் பனியைக் கவ்வும். நிறுத்திய பிறகு ஒரு கொக்கியைப் பனியில் குத்தி வைக்க வேண்டும். விழுந்தாலும் கைப்பிடியை மட்டும் விடாதே என்று மூன்று தரம் சொன்னார்கள். நான் இரண்டாவது வளைவில் விழுந்தேன். பதினைந்து வருட டிரைவர்! கைப்பிடியை விடவில்லை, பத்தடி இழுபட்டுத்தான் எழும்பினேன். உள்ளே உட்கார்ந்திருந்த அக்கா மகன் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் குடும்ப வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. ஏற்றம் வந்தால் ஒரு காலால் பனியை உதைத்துத் தள்ளிக் கொடுக்க வேண்டும், செங்குத்தாக இருந்தால் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளாமல் சும்மா நின்றால் நாய்கள் ஓடுகிற ஓட்டத்திலேயே தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்க்கும். கூடை நிறையாத ஆளைக் கங்காணி பார்க்கிற அதே பார்வை.

நீளப் பயணம் இதைவிட நல்லது என்றும் நினைக்க வேண்டாம். அன்றைக்குக் குளிர் மைனஸ் ஒன்பது. நுவரெலியாவில் தை மாதம் கொழுந்தைக் கருக்குகிற பனியைப் பார்த்து வளர்ந்தவன்தான் நான், ஆனால் இது வேறு சாதி. நின்று ஓட்டும்போது உடம்பு வேலை செய்கிறது, தெரியாது. உட்கார்ந்து வரும்போது காற்று நேரே முகத்துக்கு, கால் விரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. எட்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்துதான் வரும். நாற்பது நிமிடம் அவனுக்குச் சரியான அளவு. அரை நாள் பயணம் எடுத்தால் கடைசி மணி நேரம் அழுகைதான். எத்தனை வயதுப் பிள்ளையை ஏற்றுவார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், முதலிலேயே கேளுங்கள்.

மகனிடம் இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். படத்தில் வருகிற நீலக்கண், புசுபுசு மயிர், ஓநாய் முகம் எல்லாம் அங்கே அநேகமாக இருக்காது. அது சைபீரியன் ஹஸ்கி. சவாரிக்குப் பெரும்பாலும் வைத்திருப்பது அலாஸ்கன் ஹஸ்கி, தனிச் சாதி என்று பதியப்படாத கலப்பு. நன்றாக ஓடுமா, நன்றாகத் தின்னுமா, கால் உறுதியா என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்து வளர்த்தது. ஒடிசலாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில், சிலது நம் லயத்து நாய் மாதிரியே இருக்கும். அக்கா மகன் முகம் விழுந்துபோனது. அப்போது வழிகாட்டிப் பெண் அவனுக்கு ஒரு கதை சொன்னாள். 1925இல் அலாஸ்காவின் நோம் என்கிற ஊரில் பிள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பான் நோய். மருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். இருபது பேர் மாற்றி மாற்றி நாய் வண்டியில் ஐந்தரை நாளில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதில் ஆக ஆபத்தான துண்டை ஓடிய லியன்ஹார்ட் செப்பாலா இதே வட நோர்வேயில் பிறந்தவர். அவருடைய வண்டியை முன்னால் நின்று வழிநடத்திய நாய் டோகோவும் ஆள் சின்னது. பையன் அதற்குப் பிறகு அந்தக் காது கிழிந்த நாயை விட்டு நகரவில்லை.

ஊருக்கு வந்து வீடியோவை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் பார்த்தாள். பனி, மலை, நான் விழுந்தது எதையும் கேட்கவில்லை. "இதுகளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை நடைடா?" என்றாள். முப்பது வருடம் மலையில் நின்றவளுக்கு அதுதான் கேள்வி. நல்ல வேளையாக அதை அங்கேயே நான் கேட்டிருந்தேன், குதிரைக்காரர்களைப் பார்த்த பழக்கம். காலைக் குதிரையும் இருபதாவது சுற்றுக் குதிரையும் ஒன்றில்லை.

நீங்கள் பார்க்க வேண்டிய இரண்டாவது இதுதான், நீங்களும் அதைக் கேளுங்கள். புக் பண்ணும் முன் ஒரு மின்னஞ்சல் போதும்: ஒரே நாய் ஒரு நாளில் எத்தனை தரம் ஓடுகிறது, ஓய்வு நாள் உண்டா, வயதான நாய்களை என்ன செய்கிறீர்கள்? நேராகப் பதில் சொல்கிற இடத்துக்குப் போங்கள். அங்கே போனதும் நாய்களின் காலையும் முதுகெலும்பையும் பாருங்கள். ஒடிசல் வேறு, எலும்பு துருத்துவது வேறு. சங்கிலியில் கட்டியிருப்பதைப் பார்த்து எனக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மரப்பெட்டி வீடு, சுற்றி ஓடச் சங்கிலி நீளம். ஓட்டத்தை அதுகள் விரும்புகின்றன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, அதற்காக எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். ட்ரொம்சோ துறைமுகத்துக்குப் பக்கத்தில் அமுண்ட்சென் சிலை நிற்கும், பார்ப்பீர்கள். 1911இல் முதன்முதலாகத் தென் துருவத்தைத் தொட்டவர். 52 நாய்களோடு கிளம்பித் திரும்பி வந்தது 11. மற்றதில் பெரும்பாலானதைத் திட்டம் போட்டே கொன்று தாங்களும் தின்று மற்ற நாய்களுக்கும் போட்டார்கள். சிலையில் ஆள் மட்டும்தான்.

கூடுமானவரை காலைச் சவாரியாகப் பிடியுங்கள். அன்றைய முதல் ஓட்டத்தில்தான் நான் சொன்ன அந்தக் கூச்சல் முழுதாகக் கிடைக்கும். பெப்ரவரியில் பகல் வெளிச்சமும் இருக்கும், அங்கே சூரியன் ஜனவரி 21 வாக்கிலேயே திரும்பிவிடுகிறது. நான்கு நாளில் முதல் நாளோ இரண்டாம் நாளோ போடுங்கள். ட்ரொம்சோ கடலோரம், வெந்நீரோட்டம் தொடுகிற இடம். நடுக் குளிர்காலத்தில் திடீரென்று மழை பெய்து பாதை கண்ணாடியாக உறைந்துவிடும், சவாரியை நிறுத்திவிடுவார்கள். பிந்திய நாளில் போட்டால் மாற்ற இடமிருக்காது.

உடுப்புக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம், வெளி உடுப்பை அவர்களே தருகிறார்கள். உள்ளே பருத்தி மட்டும் வேண்டாம், வேர்வையில் நனைந்தால் குளிர் பிடித்துக்கொள்ளும். கம்பளி உள்ளாடை வேண்டும். நுவரெலியா பேல் பஜாரில் தேடினால் கிடைக்கும், லேபிளைப் பார்த்து வாங்குங்கள், ஸ்வெட்டர் என்று தொங்குவதில் பாதி கம்பளியே இல்லை. (நான் அங்கே வாங்கிய ஜாக்கெட்டைப் பார்த்து அக்கா, இதே ஜாக்கெட் இங்கே ஐந்து மடங்கு விலை என்றாள். தைத்தது நம் நாட்டில்தான்.) மேசு இரண்டு போட்டுச் சப்பாத்து இறுகினால் விரல் இன்னும் சீக்கிரம் விறைக்கும், ஒன்று போதும். போனை உள்பைக்குள் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும்.

சரி, அம்மா. வண்டி மேட்டில் ஏறி விழும்போது இடுப்பில் நேராக அடிக்கும். முதுகுவலி, முழங்கால்வலி உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம். அவர்களுக்குச் சாமி மக்களின் கலைமான் வண்டி இருக்கிறது. அந்த மண்ணின் பூர்வீகக் குடிகள், கலைமான் மேய்ப்பவர்கள். வண்டி மாட்டு வண்டி வேகத்தில் போகும். பிறகு கூடாரத்துக்குள் நெருப்புப் பக்கத்தில் உட்கார வைத்துக் கலைமான் இறைச்சிக் குழம்பு தருவார்கள், கதை சொல்வார்கள், பாடுவார்கள். அம்மாவும் மனைவியும் அதற்குப் போகட்டும், நீங்களும் மகனும் நாய்க்கு. நான்கு பேரும் ஒன்றாகப் போய் இருவர் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட இது மேல், செலவும் அநேகமாக அதிகமாகாது.

கடைசியாக ஒன்று. நாய்கள் ஓடிக்கொண்டே கக்கா போகும், நிற்காது. நாற்றம் நேராக முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் வரும். பின்னங்கால் தெறிக்கிற பனிக்கட்டியும் அப்படியே, அது பனி மட்டும்தான் என்று உறுதியில்லை. மகனிடம் சொல்லி வையுங்கள்: எவ்வளவு சந்தோசம் வந்தாலும் கத்தும்போது வாயைக் கழுத்துத் துணியால் மூடிக்கொண்டே கத்தச் சொல்லுங்கள்.