பாலிடெக்னிக், ஐடிஐ-யில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு என்னென்ன கட்டணச் சலுகை, பரிசு உண்டு?

மகள் பத்தாம் வகுப்பு முடித்து டிப்ளமோ சேரப் போகிறாள், மகன் ஐடிஐ-க்கு விண்ணப்பிக்கிறான், இருவருமே நல்ல மார்க், தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள், என்னென்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டண விலக்கு, உதவித்தொகை, பரிசு மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விலக்கு சேர்க்கையின்போதே முடிவாகிவிடும். உதவித்தொகை சேர்ந்த பிறகு விண்ணப்பித்து வாங்குவது. பரிசு தேர்வும் போட்டியும் முடிந்த பிறகு வருவது. முதல் வருட ஃபீஸைக் கட்டி ரசீது வாங்கிவிட்டு, பிறகு போய் விலக்கு கேட்டால் கிடைக்காது.

மகள் விஷயத்துக்கு முதலில் வருகிறேன். ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் ஒவ்வொரு பாடப்பிரிவிலும் அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் 5 சதவீதம் கூடுதல் இடம் கட்டண விலக்குக்கென்றே உண்டு. 60 இடம் உள்ள மெக்கானிக்கல் பிரிவு என்றால் 3 இடம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், மதிப்பெண் வரிசையில் கொடுப்பார்கள். படிப்பு முடியும் வரை டியூஷன் ஃபீ கிடையாது. ஆனால் டியூஷன் ஃபீ மட்டும்தான். தேர்வுக் கட்டணம், பஸ், ஹாஸ்டல் போன்றவற்றை நீங்கள்தான் கட்ட வேண்டும். தனியார் பாலிடெக்னிக்கில் டியூஷன் ஃபீயைக் குறைத்துக் காட்டி மற்ற தலைப்புகளில் பெரிய தொகை போட்டிருந்தால், விலக்கு கிடைத்தும் பெரிதாக மிச்சமாகாது. அதனால் தலைப்புவாரியாகக் கட்டண விவரத்தை எழுத்தில் வாங்கிப் பாருங்கள். இன்னொன்று: இந்த இடத்தில் சேர்ந்தபின் கல்லூரியையோ பாடப்பிரிவையோ மாற்றிக்கொள்ள முடியாது. மெக்கானிக்கலில் சேர்ந்துவிட்டு இரண்டாம் மாதம் கம்ப்யூட்டருக்குப் போக நினைக்கிற பிள்ளைக்கு இது ஒத்துவராது. எத்தனை விலக்கு இடம் உண்டு என்பதைக் கல்லூரி தன் கையேட்டிலும் இணையதளத்திலும் வெளியிட வேண்டும் என்பது விதி. இல்லையென்றால் முதல்வரிடமே நேராகக் கேளுங்கள்.

அடுத்து, பெண்களுக்கான பிரகதி உதவித்தொகை. வருடத்துக்கு 50,000 ரூபாய். முதலாம் ஆண்டில் சேர்ந்தால் டிப்ளமோவுக்கு 3 ஆண்டு, நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் 2 ஆண்டு. வருமான வரம்பு இதற்கும் 8 லட்சம்தான். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். டிப்ளமோவுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு செய்வார்கள். சேர்ந்த வருடமே விண்ணப்பிக்க வேண்டும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போனது போனதுதான். பிறகு ஒவ்வொரு வருடமும் தேர்ச்சி பெற்று, மறக்காமல் புதுப்பிக்கவும் வேண்டும். 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு, ஆண் பெண் இருவருக்கும், இதே தொகையில் சக்ஷம் என்ற திட்டம் இருக்கிறது.

விண்ணப்பம் தேசிய உதவித்தொகை தளத்தில். முதலில் ஆதாரை வைத்து ஒருமுறைப் பதிவு செய்தால் 14 இலக்க எண் வரும். படிப்புக் காலம் முழுக்க அதே எண்தான், பத்திரமாக வையுங்கள். விண்ணப்பத்தை அனுப்பியதோடு வேலை முடியவில்லை. கல்லூரியில் இதற்கென்று இருக்கும் பொறுப்பாளர் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அவர் குறை கண்டு திருப்பி அனுப்பினால், திருத்தி மறுபடி அனுப்புவது மாணவியின் பொறுப்பு. நிறைய விண்ணப்பங்கள் இந்த இடத்தில்தான் செத்துப்போகின்றன: திரும்பி வந்ததே தெரியாமல் கடைசித் தேதி போய்விடும். வாரம் ஒருமுறை உள்ளே போய் நிலையைப் பாருங்கள்.

மார்க் இருந்தும் பணம் வராமல் போவதற்குப் பெரிய காரணம் பேரும் வங்கிக் கணக்கும்தான். மதிப்பெண் பட்டியலில் 'கவிதா மு', ஆதாரில் 'மு கவிதா', பாஸ்புக்கில் 'கவிதா முருகேசன்' என்று இருந்தால் மூன்றும் கணினிக்கு மூன்று ஆட்கள். மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே ஆதாரைத் திருத்திவிட்டு, பிறகு வங்கியில் மாற்றுங்கள். அடுத்தது, 'கணக்கில் ஆதார் சேர்த்தாச்சு' என்று வங்கியில் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். கணக்கோடு ஆதாரை இணைப்பது வேறு, அரசுப் பணம் நேரடியாக வந்து விழும் கணக்காக அதைப் பதிவது வேறு. இரண்டாவதற்குத் தனியாக ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு ஆதாருக்கு ஒரு கணக்கில்தான் அது நிற்கும்; புதிதாக வேறு வங்கியில் பதிந்தால் பணம் அங்கே போய்விடும். வருமானச் சான்று இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டும், ஆகவே ரிசல்ட் வருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

மாநில அரசின் மாதம் 1,000 ரூபாய் தனி. பெண்களுக்குப் புதுமைப்பெண், 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், வருமான வரம்பு கிடையாது, டிப்ளமோவுக்கும் ஐடிஐ-க்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் மாநில அரசு இதை நிறுத்துவதில்லை. பள்ளியின் எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) கையில் இருக்கட்டும்.

மகனுக்கு அரசு ஐடிஐ என்றால் பயிற்சிக் கட்டணமே இல்லை. வருகைப் பதிவைப் பார்த்து மாதம் 750 ரூபாய், அதோடு சைக்கிள், சீருடை, காலணி, வரைபடக் கருவிகள், பஸ் பாஸ். தனியார் ஐடிஐ-யில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால் பயிற்சிக் கட்டணத்தை அரசே ஏற்கும். அங்கேயே நேரடியாகச் சேர்ந்தால் அது கிடைக்காது, கலந்தாய்வு வழியாகப் போங்கள்.

பரிசுக்கு வருவோம். ஐடிஐ முடிக்கும் பிள்ளைகள் எழுதும் அகில இந்தியத் தொழிற்தேர்வில் டிரேடு (தொழிற்பிரிவு) வாரியாக முதலிடம் பிடிப்பவர்களை மத்திய அரசு பட்டமளிப்பு விழாவில் கௌரவிக்கிறது; 2025 அக்டோபரில் டெல்லியில் 46 பேரைப் பாராட்டினார்கள். இந்தத் தேர்வு எழுதவே 80 சதவீத வருகை வேண்டும். தேர்ச்சிக்குச் செய்முறையில் 60 சதவீதம், எழுத்தில் 33 போதும். முதலிடத்துக்குப் போட்டி போடுபவன் எழுத்துத் தேர்வை அலட்சியம் செய்யக்கூடாது. பட்டறையில் கெட்டிக்காரனாக இருந்து, பட்டறைக் கணக்கிலும் வரைபடத்திலும் மார்க்கை விடும் பிள்ளைகள் பலர்.

இரண்டாவது வழி இந்தியா ஸ்கில்ஸ் என்ற தேசியத் தொழில்திறன் போட்டி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மாநிலத்தில் ஜெயித்து மேலே போக வேண்டும். தேசிய அளவில் வென்றவர்களிலிருந்து உலகப் போட்டிக்கு ஆள் எடுப்பார்கள். பெரும்பாலான பிரிவுகளில் போட்டி வருடத்தில் 22 வயதைத் தாண்டக் கூடாது. 2024-இல் பிரான்சின் லியோனில் நடந்த உலகப் போட்டியில் இந்தியா 4 வெண்கலம் வாங்கியது. அங்கே வெல்டிங் பார்க்க அழகாக இருந்தால் போதாது, பற்றவைத்த கலத்தில் அழுத்தத்தோடு தண்ணீர் ஏற்றி ஒழுகுகிறதா என்று சோதிப்பார்கள். முதல் வருடத்திலேயே பயிற்றுநரிடம் பெயர் கொடுத்து, முந்தைய போட்டி வினாத்தாளை வாங்கி, நேரம் குறித்துவைத்துச் செய்து பழகச் சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருட டிரேடு முடித்தால் மகன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். ஒரு வருட டிரேடுக்கு அந்த வாய்ப்பு இல்லை, ஆகவே டிரேடைத் தேர்ந்தெடுக்கும்போதே அதையும் பாருங்கள்.