அலெக்சாண்டர், பாபர் போன்ற மன்னர்களை இன்றைய பார்வையில் தன்பாலீர்ப்பாளர் என்று சொல்லலாமா?

அந்தப் பெயர் அவர்கள் காலத்துக்குப் பொருந்தாது. அதற்காக, ஆண்கள் மேல் அவர்கள் வைத்த ஆசையை மூடி மறைக்கவும் கூடாது. அண்ணாநகரில் போட்டித் தேர்வு மாணவர்களுக்கு வரலாறு எடுக்கிறேன். யாராவது இதைக் கேட்டால் பாதி வகுப்பு சிரிக்கும். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. தன்னைப் பற்றி வீட்டிலேயே சொல்ல முடியாத ஒரு பிள்ளை அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.

அலெக்சாண்டரை வைத்து வாதாடிப் பயனில்லை. கி.மு. 324இல் உயிர் நண்பர் ஹெபஸ்தியோன் இறந்தபோது அவர் துடித்த துடிப்பை விவரிக்கும் கிரேக்க எழுத்தாளர்கள் புளூட்டார்க், அரியன் எல்லாம் நானூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவர்கள்.

பாபர் கதை வேறு. அவரே சகதாய் துருக்கிய மொழியில் ‘பாபர்நாமா’ என்ற தன் வரலாற்றில் எழுதியது. புதிதாகக் கல்யாணமாகி, மனைவி ஆயிஷாவிடம் போகவே கூச்சம். அம்மா திட்டித் திட்டி அனுப்ப வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் முகாம் கடைவீதிப் பையன் பாபுரி மேல் மனம் போகிறது. ஒருநாள் அவன் ஒரு சந்தில் எதிரே வந்துவிட, ஏறிட்டுப் பார்க்கவும் முடியாமல், ஒரு வார்த்தை பேசவும் வராமல் திணறிப்போகிறார். அப்புறம் வெறுந்தலையும் வெறுங்காலுமாகத் தோட்டம் துரவெல்லாம் அலைந்தாராம். அதே நூலில், பெரியப்பா மகமூத் மிர்சா பையன்களை வைத்திருந்ததைக் கடுமையாகக் கண்டிக்கவும் செய்கிறார். இந்த மனிதரை எந்தப் பெயருக்குள் அடக்குவது?

டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியிடம் அடிமையாக வந்து தளபதியான மாலிக் காபூரை இழுப்பவர்களிடம்தான் எனக்குக் கோபம். 1311இல் மதுரை வரை படையோடு வந்தவர் என்பதால், சுல்தான் அவர்மேல் மயங்கிக் கிடந்தார் என்பதை இங்கே வசையாகவே வீசுகிறார்கள். அதை எழுதிய டெல்லி வரலாற்றாசிரியர் பரணி தன் நூலை முடித்தது 1357இல், சுல்தான் இறந்து நாற்பது ஆண்டு கழித்து. கீழிருந்து மேலே வந்தவர்களைக் கண்டாலே பரணிக்கு ஆகாது. அதைக் கணக்கில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

ஆதாரம் கேட்பது சரி, எல்லாருக்கும் கேளுங்கள். ராணி பெயரில் கோயிலுக்கு விளக்கு வைத்த ஒரு கல்வெட்டு கிடைத்தால் போதும், காதல் காவியமே கட்டிவிடுகிறோம். ஆணும் ஆணும் என்றால் மட்டும் பாபர் தானே எழுதிவைத்ததைக் காட்டினாலும் “வெறும் நட்புதான்” என்கிறோம்.