கோபுரம் ஏன் நான்கு?

கேள்வி: போர்ச்சுகலின் ஓபிதுஷ் ஊர்ச் சின்னத்தில் கேடயத்துக்கு மேலே நான்கு கோபுரங்கள் இருக்கின்றனவே, ஏன்?

பதில்: அந்த நாட்டில் கோபுரத்தை எண்ணினாலே ஊரின் அந்தஸ்து தெரிந்துவிடும். ஓபிதுஷ் மாதிரி சிறுநகரத்துக்கு வெள்ளியில் நான்கு, பெருநகரத்துக்கு ஐந்து, தலைநகர் லிஸ்பனுக்கு மட்டும் அந்த ஐந்தும் தங்கத்தில். கொடியில் நடுவிலிருந்து எட்டுத் துண்டாக இரண்டு நிறம் மாறி மாறி வந்தால் அது பெருநகரம்.

சரி, என்னைக் கேட்டால் ஓபிதுஷில் கட்டாயம் பார்க்க வேண்டியது அந்த ஊர்க் கல்தூண்தான். அதில் ஒரு மீன்வலை செதுக்கப்பட்டிருக்கிறது. 1491-ல் குதிரையிலிருந்து விழுந்து இறந்த இளவரசர் அஃபோன்சுவை மீனவர்கள் வலையில் தூக்கி வந்தார்களாம், பெற்ற தாயான லியோனோர் ராணி அந்த வலையையே தன் சின்னமாக வைத்துக்கொண்டார். எவ்வளவு பெரிய துக்கம் பாருங்கள்! பக்கத்து ஊரான கால்தஷ் த ரய்ஞாவின் சின்னத்திலும் அதே வலை உண்டு.