வலை மூடி போட்டால் பாத்தி அடைக்காதா?

கேள்வி: குழித்துறை பக்கம் ஓட்டு வீடு. பின்னால் ரப்பர், முன்னால் பலா. கூரை விளிம்பில் மாட்டிய பிவிசி தண்ணீர்ப் பாத்தி மழைக்கு நிரம்பிச் சுவரில் வழிகிறது. உள்சுவரும் ஈரம் பூத்துவிட்டது. வலை மூடி போட்டால் இனிச் சுத்தமே செய்ய வேண்டாம் என்று ஒருவர் அடிக் கணக்கில் விலை சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் பாத்தியைச் சுத்தம் செய்து, தண்ணீர் ஓடும் வாட்டம் சரியாக இருக்கிறதா பாருங்கள்.

குமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. விழுந்த இலை காய்ந்து பறக்க வழியில்லை; ஓட்டுப் பாசியோடு மக்கி, கறுத்த சேறாக, தண்ணீர் கீழே இறங்கும் குழாயின் வாயில் அப்பிக்கொள்ளும். ரப்பர் இலை டிசம்பரில் உதிரத் தொடங்கி பிப்ரவரி வரை கொட்டும். அதனால் மார்ச்சில் ஒரு தடவை, மே கடைசியில் ஒரு தடவை, செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை வாரினால் போதும். சேற்றை வாளியில் அள்ளுங்கள், குழாய்க்குள் தள்ளாதீர்கள். அப்புறம் குழாய்க்கு எதிர்முனையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கி நின்றால் அங்கே வாட்டம் போய்விட்டது. பத்தடிக்கு அரை அங்குலச் சாய்வு வேண்டும், இரண்டடிக்கு ஒரு கிளாம்ப் வேண்டும். கிளாம்பில் மிச்சம் பிடித்தால் ஈரச் சேற்றின் பாரத்தில் நடுவில் தொய்ந்துவிடும். தேங்கிய தண்ணீரில் பத்து நாளுக்குள் டெங்குக் கொசு பறக்கும்.

இப்போது அந்த வலைக்காரர். ஈர ரப்பர் இலை வலைமேல் பாயாகப் படியும். கனமழை அதன்மேல் ஓடி வெளியேதான் கொட்டும். பாசியும் பூந்தூளும் வலைக்கண் வழியே உள்ளே இறங்கும். ஸ்குரூ அடித்த வலையைக் கழற்ற அவரையே திரும்பக் கூப்பிட வேண்டும், அதில்தான் அவர் வியாபாரம். பழைய சேற்றை வாராமலே மேலே வலை அடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இத்தனை வருஷம் அடைக்காது என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு மாறும்.

ஒரே ஒரு விலக்கு: ஏணி எட்டாத மாடிக் கூரை, விழுவது பலா மாதிரித் தடித்த இலை மட்டும் என்றால், கையால் கழற்றும் துண்டு வலை போடலாம். பக்கத்தில் ஒரு புளியோ முருங்கையோ நின்றாலும் இது செல்லாது. அந்தப் பொடி இலை வலையில் நிற்காது. முன்பக்கம் பலாதானே என்று நினைக்காதீர்கள். காற்று பின்பக்க ரப்பர் இலையை அங்கேயும் கொண்டுவந்து போடும்.

குழாயின் கீழ்முனையையும் பாருங்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். வீட்டு வரைபடத்தில் அதற்கான குழாய்க்கு ஒரு கோடு இருந்தால் அனுமதி கிடைத்துவிடுகிறது. அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பார்க்கப் பெரும்பாலும் யாரும் வருவதில்லை. உங்கள் தண்ணீர் அஸ்திவாரத்தை ஒட்டிக் கொட்டினால், நீங்கள்தான் குழாயை நீட்ட வேண்டும்.

ஈர ஓட்டில் கால் வைக்காதீர்கள். சர்வீஸ் வயர் பக்கம் அலுமினிய ஏணி கொண்டுபோகாதீர்கள். உள்சுவருக்கு இப்போதே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிக்கச் சொல்வார்கள். சுவர் முழுக்கக் காயும்வரை அதற்கும் சம்மதிக்காதீர்கள்.