மொட்டை மாடியில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஏன் சீக்கிரம் நொறுங்குகிறது?

வெயிலில் கலந்துவரும் புற ஊதாக் கதிர்தான் காரணம். கண்ணுக்குத் தெரியாத, ஆனால் வீரியமான ஒளி அது. பிளாஸ்டிக் என்பது நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகளின் பின்னல். இந்தக் கதிர் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அந்தச் சங்கிலிகளை அங்கங்கே அறுத்துவிடுகிறது. முதலில் நிறம் வெளுக்கும், அப்புறம் கையில் வெள்ளைத் தூள் ஒட்டும், ஒருநாள் விருந்தாளி உட்காரும்போது பார்த்துக் கால் மளுக்கென்று உடையும். துணிக்கொடியில் மாதக்கணக்கில் கிடந்த கிளிப் விரலிலேயே பொடியாகுமே, அதே கதைதான். மாடித் தண்ணீர்த் தொட்டிகள் பல கறுப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: அதில் கலந்த நுண்ணிய கரி கதிரை உறிஞ்சிக்கொள்ளும்.

மழைதான் கெடுக்கிறது என்று பலர் மழைக்கு மட்டும் மூடிவைக்கிறார்கள். பிளாஸ்டிக்கை மழை பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, மேகமூட்டத்திலும் இந்தக் கதிர் இறங்கத்தான் செய்கிறது.