பதில்: இரண்டாவது கேபினெட்டை மாட்டியதும் பேஸ் ஆம்ப் அணைந்துவிடுகிறது

வணக்கம். உங்கள் பேஸ் கிடார் ஆம்பின் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி) 4 ஓமில் 500 வாட், குறைந்தபட்சச் சுமை 4 ஓம். பழைய கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) 8 ஓம், புதியது 4 ஓம் என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அதில்தான்.

ஹெட்டின் பின்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர் அவுட்டும் பெரும்பாலும் உள்ளே பேரலலாகத்தான் (பக்க இணைப்பாக) இருக்கும். ஒரு கேபினெட்டிலிருந்து அடுத்ததற்கு வயர் இழுத்தாலும் அதே கணக்குதான். 8-ஐயும் 4-ஐயும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையான 12-ஆல் வகுத்தால் 2.67 ஓம். ஹெட் தாங்கும் அளவைவிடக் கீழே போகிறது. கரண்ட் கூடிச் சூடாகி, ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும் புரொடெக்‌ஷனுக்குப் போகிறது. வால்யூமைக் குறைத்து ஓட்டலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள், பேஸில் ஒரு பலமான ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடிப்பது) போதும், மறுபடி அணைந்துவிடும். இப்போதைக்கு ஏதாவது ஒரு கேபினெட்டை மட்டும் மாட்டுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் புதியதைக் கொடுத்துவிட்டு 8 ஓமில் வாங்குங்கள்: மொத்தம் 4 ஓம், ஆளுக்கு 250 வாட்.

நீங்கள் போட்ட படத்தில் ஹெட்டையும் கேபினெட்டையும் இணைப்பது கிடார் கேபிள். அதையும் மாற்றுங்கள், இது முக்கியம். அதன் நடுக்கம்பி மிக மெல்லியது. ஸ்பீக்கர் கரண்டில் சூடேறி உருகி ஷார்ட் ஆகலாம். 2.5 சதுர மி.மீ. இரட்டைச் செப்பு வயர் 1.5 மீட்டர், இரு முனையிலும் ஸ்பீக்கான் (ஸ்பீக்கர் வயருக்கான பூட்டும் பிளக்), 1+ மற்றும் 1− முனைகளில் திருகினால் போதும். செருகித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். கால் அங்குல ஜாக் என்றால் செருகும்போதே ஷார்ட் ஆகக்கூடும், ஆகவே ஆம்பை அணைத்துவிட்டு மாட்டுங்கள்.