உளவியலாளரின் அறையில் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா காலத்திலேயே வட ஆற்காட்டிலிருந்து வந்துவிட்டோம். ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றேன். வயது 63. போன வருடம் ஆடியில் மனைவி தவறிவிட்டாள். வருஷத் திதியும் முடிந்துவிட்டது. இன்னும் தினமும் மூன்றரை மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கமில்லை. காரணமே இல்லாமல் பேரனிடம் சத்தம் போடுகிறேன். நெஞ்சு அடைக்கிறது என்று போனதில் ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் நார்மல். "ஒரு சைக்காலஜிஸ்டைப் பாருங்கள்" என்றார் குடும்ப டாக்டர். வருகிற சனிக்கிழமைக்கு இந்திராநகரில் ஒரு அம்மாவிடம் மகள் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டாள். ஒரு தடவைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாயாம். பேசுவதற்கு!

எங்கள் ஏரியாவில் ஒருவனைக் கிண்டல் பண்ண "இவனை நிம்ஹான்ஸுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்போம். இங்கே இருக்கும் அரசு மனநல ஆஸ்பத்திரி அது. இப்போது என் முறை போலிருக்கிறது. அங்கே என்ன கேட்பார்கள்? மாத்திரை கொடுத்து மந்தமாக்கிவிடுவார்களா? எத்தனை தடவை போக வேண்டும்? நான் பேசுவது மகள் காதுக்குப் போகுமா? ராத்திரி இரண்டு பெக் சாப்பிடுகிறேன், அது வீட்டில் தெரியாது. சொல்ல வேண்டியதை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். மெடிக்கல் ஃபைலும் கொண்டு போகலாமா?

எஸ்., அல்சூர்

அன்புள்ள எஸ். சார்,

நோட்டைத் தாராளமாகக் கொண்டு போங்கள். அதைத் திறக்காமலேயே நேரம் முடிந்துவிடவும் கூடும். முதல் நாள் பேச்சை நடத்திச் செல்வது உங்கள் பொறுப்பு அல்ல, எதிரே உட்கார்ந்திருப்பவருடையது. எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட வேண்டுமே என்ற பதற்றம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. அது வேண்டாம்.

போனதும் ஒரு படிவம் தருவார்கள். வயது, சாப்பிடும் மருந்துகள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று வழக்கமான விஷயங்கள். கூடவே ஒப்புதல் தாள் ஒன்று இருக்கும். கட்டணம், வர முடியாவிட்டால் எவ்வளவு நேரம் முன்னால் சொல்ல வேண்டும், நீங்கள் பேசியது எந்தச் சந்தர்ப்பத்தில் வெளியே போகலாம் என்பதெல்லாம் அதில்தான். கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சில இடங்களில் கேள்வித்தாளும் உண்டு. மனச்சோர்வை அளக்க பி.எச்.க்யூ-9 என்ற தாள் பரவலாகப் புழங்குகிறது. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, சோர்வு, எதிலும் நாட்டமின்மை எப்படி இருந்தன என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. எண் பெரிதாக வந்தால் அவமானம் என்று குறைத்துப் போடுகிறவர்கள் உண்டு. இரண்டு மாதம் கழித்து முன்னேற்றம் உண்டா என்று பார்க்கப் போவது அந்த எண்ணை வைத்துத்தான், அதனால் உள்ளதை உள்ளபடி போடுங்கள்.

அப்புறம் கேள்விகள். மெஷின் சத்தம் போடுகிறது என்று கூப்பிட்டால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் நீங்கள் ஆபரேட்டரைக் கேட்டிருப்பீர்கள்: எப்போதிருந்து, எந்த லோடில், கடைசியாக எதை மாற்றினீர்கள்? அந்த அம்மா செய்யப் போவதும் அதுதான். மூன்றரைக்குக் கண் விழித்ததும் முதலில் என்ன நினைப்பு வருகிறது? படுத்தே கிடக்கிறீர்களா, எழுந்து காப்பி போடுகிறீர்களா? மனைவி எப்படி இறந்தார், கடைசி நாட்களில் பக்கத்தில் யார் இருந்தது? உங்கள் அப்பா எப்படிப்பட்டவர்? இந்த இடத்தில் உங்களுக்கு எரிச்சல் வரும், செத்துப்போன அப்பாவுக்கும் என் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று. விருப்பமில்லையென்றால் "அதை இப்ப பேச வேண்டாம்மா" என்று சொல்லிவிடலாம். நல்ல உளவியலாளர் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

ஒரு கேள்விக்கு மட்டும் முன்கூட்டியே தயாராக இருங்கள். "செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா?" என்று நேராகக் கேட்பார். உங்களை ஒரு மாதிரியாக நினைத்து அல்ல. துணையை இழந்து வருகிற யாரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது. "அவளோடயே நானும் போயிருக்கலாம்" என்று பெருமூச்சு விடுவதற்கும், அதற்கான வழியை யோசிப்பதற்கும் இடையில் எங்கே நிற்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. உண்மையைச் சொல்லுங்கள். சனிக்கிழமைக்கு முன்பே ஏதாவது ஒரு விடிகாலையில் அப்படி வலுவாகத் தோன்றினால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி-மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச சேவை. இரவும் பகலும் இருப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

முதல் நாளே மனசு லேசாகிவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் பாதி நம்புங்கள். சிலருக்கு அப்படி ஆவதுண்டு. பலருக்குக் களைப்புதான் மிஞ்சும். நானும் இதே ஊரில் அந்த நாற்காலியில் சில மாதங்கள் உட்கார்ந்தவள். முதல் நாள் திரும்பும்போது, பணமும் கொடுத்து என் கதையையும் நானே சொல்லிவிட்டு வருகிறேனே என்ற கோபம்தான் இருந்தது.

அந்தக் கோபத்துக்குக் காரணம் நம் எதிர்பார்ப்பு. பெரியவர் ஒருவரிடம் போய்ச் சொன்னால் கேட்டுவிட்டு "இப்படிச் செய்" என்று முடித்துவைப்பார், நாமும் எழுந்து வந்துவிடலாம். அப்படியே பழகிவிட்டோம். இங்கே அது கிடைக்காது. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று உங்களிடமே திரும்பி வரும். சில சமயம் அதுகூட இல்லாமல் அவர் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தை நிரப்ப நீங்கள் கிரிக்கெட் பேசத் தேவையில்லை.

வேலை பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது அமர்வுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். அப்போது வீட்டுப்பாடமும் வரும். விழிப்பு வந்து தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுவது, எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுவது என்று தூக்கத்துக்குத் தனிப் பயிற்சிகள் இருக்கின்றன. பேரனிடம் கத்துவதற்கு முந்தைய நிமிடத்தை எழுதச் சொல்லலாம்: என்ன நடந்தது, மனசில் என்ன ஓடியது, உடம்பில் என்ன தெரிந்தது. ஆரோன் பெக் என்ற அமெரிக்க மருத்துவர் 1960களில் உருவாக்கிய சி.பி.டி. முறையில், அதாவது நினைப்பையும் நடத்தையையும் கவனித்து மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சையில், இப்படி எழுதிப் பார்ப்பது முக்கியமான பகுதி. உங்கள் நோட்டின் மிச்சப் பக்கங்கள் அதற்கு ஆகும்.

மனைவியை நினைத்து அழுவது நோய் அல்ல சார். "வருஷம் திரும்பிடுச்சே, இன்னுமா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். ஆனால் ஒரு வருடம் தாண்டியும் ஏக்கம் அநேகமாகத் தினமும் ஆளை முடக்கிப்போட்டால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று மருத்துவம் இப்போது சொல்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் நீடித்த துக்கம் 2022இல்தான் தனி நோயாகச் சேர்க்கப்பட்டது. உங்களுக்கு அது இருக்கிறதா, வேறு மனச்சோர்வா, இரண்டும் இல்லையா என்று நான் சொல்லக் கூடாது. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் அவர் அத்தனை கேள்வி கேட்கப் போகிறார். ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாது.

மாத்திரை பயம் சனிக்கிழமைக்குத் தேவையில்லை. உளவியலாளர் மருந்து எழுத முடியாது. மருந்து தேவை என்று அவருக்குத் தோன்றினால் மனநல மருத்துவரிடம், அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து மேலே படித்த சைக்கியாட்ரிஸ்டிடம் அனுப்புவார். மனச்சோர்வுக்கு இப்போது தரும் மருந்துகள் போட்டதும் ஆளைச் சாய்ப்பவை அல்ல. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும்.

இனி அந்த இரண்டு பெக். மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும். உங்கள் மூன்றரை மணிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கலாம். இதை மறைத்தால் துக்கத்தைக் குடைந்துகொண்டே பல வாரங்கள் வீணாகும். பின்னால் தூக்க மாத்திரை யாராவது எழுதினால் இரண்டும் சேர்வது ஆபத்து. வீட்டில் சொல்வதா என்பது உங்கள் இஷ்டம், அந்த அறையில் கட்டாயம் சொல்லுங்கள். பல வருடப் பழக்கம் என்றால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரைக் கேட்டுக் குறையுங்கள்.

மகள் காதுக்குப் போகாது. பணம் கட்டுவது மகளாக இருந்தாலும் நீங்கள் சம்மதிக்காமல் போகக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருப்பதை உங்கள் உரிமை என்கிறது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றாலோ, நீதிமன்றம் கேட்டாலோ விதிவிலக்கு உண்டு. மகள் கூட வந்து முதல் பத்து நிமிடம் உள்ளே உட்காரட்டும் என்று நீங்கள் விரும்பினால் அதற்கும் வழி இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று: அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியுமா? மகளை விட்டு இன்றே போனில் கேளுங்கள். ஆபீஸ் கன்னடமும் ஷாப்ஃப்ளோர் இங்கிலீஷும் உங்களுக்குத் தண்ணீர்பட்டபாடாக இருக்கும். மனைவியோடு சண்டை போட்டது தமிழில்தானே? அதைச் சொல்ல அந்தத் தமிழே வேண்டும். பெங்களூரில் தமிழ் பேசும் உளவியலாளர்கள் கிடைக்காமல் இல்லை. அப்படியே அவருடைய படிப்பையும் விசாரிக்கலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ரிஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா என்ற மத்திய அரசு அமைப்பில் பதிவு எண் இருக்கும். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் போகாதீர்கள். "கவுன்சலர்" என்று பலகை மாட்டுவது இந்த ஊரில் ரொம்பச் சுலபம்.

எத்தனை தடவை என்பதை முதல் நாளே யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. சி.பி.டி. மாதிரி முறைகளில் வாரம் ஒன்றாக ஆறிலிருந்து இருபது அமர்வு வரை போகலாம். மூன்று நான்கு முறை போன பிறகும் இவரிடம் பேச வரவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், முதல் நாளை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். பணம் கட்டுப்படியாகவில்லையென்றால் நீங்கள் கிண்டலடித்த நிம்ஹான்ஸ் இருக்கிறது. பழைய மைசூர் மாநில மனநோய் மருத்துவமனையும், 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் 1974இல் சேர்ந்து உருவானது அது. ஓசூர் ரோட்டில் அந்த வரிசையில் நிற்பவர்களில் வலிப்புக்கும் பக்கவாதத்துக்கும் தலையில் அடிபட்டும் வந்தவர்கள் எத்தனையோ பேர். ஆஸ்பத்திரி வாசனையே வேண்டாம் என்றால் அவர்களுடைய நல்வாழ்வு மையம் பி.டி.எம். லேஅவுட்டில் தனியாக இயங்குகிறது.

ஃபைலைக் கொண்டு போங்கள். இ.சி.ஜி.யை விட அதில் முக்கியம், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு. தைராய்டும் பி12ம் சமீபத்தில் பார்த்திருக்கிறீர்களா? இரண்டில் எது குறைந்தாலும் மனச்சோர்வு போலவே தெரியலாம். பார்க்கவில்லையென்றால் குடும்ப டாக்டரிடம் கேட்டு எடுத்துவிடுங்கள். ஒரு அமர்வு பொதுவாக ஐம்பது நிமிடம், தாமதமாகப் போனால் போன நேரம் போனதுதான். 100 அடி ரோட்டில் சனிக்கிழமை ஆட்டோவை நம்ப வேண்டாம். அல்சூரில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷனே இந்திராநகர்.

அன்புடன்.